சத்தம் வராத ரீல்

சத்தம் இல்லாமல் என்னத்தைப் பார்க்கப் போகிறார்கள், வாய் அசைவதையா, இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு இந்தப் படத்துக்கு இனிமேல் டைரக்டர் யார் என்று தீர்மானம் செய்யப் போகிறார்களா, நல்ல நியாயம் இது, படம் ஒரு பெட்டியில் வந்துவிட்டதாம், சத்தம் பதிந்த ஃபிலிம் இன்னொரு பெட்டியில் மெட்ராஸ் லேபிலேயே தங்கிவிட்டதாம், நாளைக்கு ரயிலில் வருமாம், அப்படியானால் நாளைக்கே பார்த்தால் என்ன, அதற்குள் மைசூர் ஓடியா போய்விடும்... ஆனால் மல்லப்பன் கேட்கவில்லை. கொள்ளேகாலில் பட்டு நூல் வியாபாரம் செய்கிற மனுஷன், நூலை விரலில் தடவிப் பார்த்துத் தரம் சொல்லிப் பழகியவர், படத்துக்கு முதல் போட்டவர், கைக்கு வந்ததை உடனே தடவிப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. முந்தாநாள் செட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார், "ஏனுங்க வாத்தியாரய்யா, ஃபிலிமு தண்ணியாட்டம் ஓடுது, பேசுனதையே பேச வெச்சுட்டு இருக்கறீங்க, இதுவரைக்கும் எடுத்த ரஷ்ஷு கழுவி வரட்டுங்க, பார்த்துப்போட்டு மிச்சத்தை நீங்க எடுக்கறதா பெர்னார்ட் எடுக்கறதான்னு முடிவு பண்ணிக்கலாங்க." அந்த முடிவுக்குத்தான் இந்தத் தியேட்டர், மேட்னிக்கு முன்னால் காலை வேளையில் வாடகைக்குப் பிடித்தது, நேற்று ராத்திரி ஆட்டத்தின் கடலைத் தோல் இன்னும் கூட்டப்படாமல் காலுக்கடியில் நொறுங்குகிறது. ஸ்டானிஸ்லாஸ் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வசனப் பிரதியை வைத்து, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

முன் வரிசையில் மல்லப்பனின் தலைப்பாகை, அதை ஒட்டியே பெர்னார்டின் எண்ணெய்த் தலை, எப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பார், காதில் என்ன ஓதுகிறானோ, கேமராமேனுக்கு முதலாளியின் காதுக்குப் பக்கத்தில் என்ன வேலை... ஞானோபதேச வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து என் விடையைப் பார்த்து எழுதியவன், ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்ந்தாற்போல் எழுதத் தெரியாதவன், மாமாவின் போட்டோ ஸ்டூடியோவில் கண்ணாடி துடைத்தவன், இன்றைக்கு என்னவென்றால் கேமராவின் கண்ணில் கண்ணை வைத்துவிட்டால் அவன்தான் ராஜா. இந்தப் படத்துக்கு என் பெயரைச் சொன்னதே அவன்தான். "எழுதறவனே எடுக்கட்டும் சார், ஸ்டானிக்கு ஒரு சான்ஸ் குடுங்க" என்று மல்லப்பனிடம் பரிந்து பேசினானாம், எதற்குப் பேசினான், சினேகிதமா, சினேகிதமாவது மண்ணாவது, தொழில் தெரியாத ஒருவனை நாற்காலியில் உட்கார வைத்து, அவன் தடுமாறும்போது மெல்ல எழுப்பி விட்டுத் தான் உட்காரலாம் என்ற கணக்குத்தான். இத்தனைக்கும் விக்டோரியாவோ, ஸ்டானிஸ்லாஸின் மனைவி, இரவு டூட்டி முடித்து வந்து நர்ஸ் குல்லாயைக் கழற்றிக்கொண்டே, "பெர்னார்ட் அண்ணன் இல்லேன்னா உங்களை யாரு கூப்பிட்டிருப்பாங்க" என்கிறாள். அவளுக்கும் அவன் அண்ணன்தான், ஊருக்கே அண்ணன்.

வாத்தியாரய்யா, வாத்தியாரய்யா... அதை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை காலமாகிறது, சாக்பீஸ் தூள் விரலிலிருந்து போய்விட்டது, இவர்கள் வாயிலிருந்து போகமாட்டேன் என்கிறது. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்துக்கு வசனம் எழுதியதிலிருந்து ஆரம்பித்தது எல்லாம், யூதாஸுக்கு அவர் எழுதிய புலம்பலைக் கேட்டுக் கோயில் மைதானத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள், காட்டிக்கொடுத்தவனுக்காக அழ வைத்துவிட்டாயே என்று பங்குச் சாமியார் கோபித்துக்கொண்டார், அன்றைக்குத் தெரிந்துவிட்டது அவருக்குத் தன்னிடம் என்ன இருக்கிறதென்று. சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மெட்ராஸ். அங்கே என்ன கிடைத்தது... கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறை, பக்கத்து அறைக்காரனின் இருமல், யார் யாருக்கோ எழுதிக் கொடுத்த கோர்ட் சீன்கள், சாகும் தறுவாயில் தாய் பேசுகிற பேச்சுகள், திரையில் வேறொருவன் பெயர், அல்லது பெயரே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த டைரக்டர்கள், பிரதியை வாங்கி முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள், கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார்கள், நடுவில் பென்சிலால் ஒரு கோடு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியதன் மேல் ஒரே கோடு! "காட்சியிலேயே தெரியுது ஐயா, வசனம் எதுக்கு?" ஒருவன் அவருடைய மூன்று பக்கப் பேச்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாடு ஓடுவதைக் காட்டினான். மாடு! தியேட்டரில் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நடுத்தெருவில் நின்று கெட்ட வார்த்தையில் திட்டினார், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றிருந்தது.

அதனால்தான், நான் எடுத்தால் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கீழே விழக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். எல்லா டைரக்டரும் கேமராவுக்குப் பக்கத்தில் முன்னால் குனிந்து கண்ணைப் பிதுக்கிக்கொண்டு பார்ப்பார்கள், இவர் கேமராவுக்கு இடது புறம் நாற்காலியைப் போட்டு, சவுண்டுக்காரரிடம் சொல்லி நீள ஒயரில் ஒரு ஹெட்போன் வாங்கிக் காதில் மாட்டி, கண்ணை இறுக மூடிக்கொள்வார். பார்த்தால் காது தூங்கிவிடும், அது அவருடைய அனுபவம், வகுப்பில் பையன்கள் மனப்பாடம் ஒப்பிக்கும்போதும் அப்படித்தான், முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும், தப்பு காதில் விழாது. கண்ணை மூடினால் ஒவ்வொரு வார்த்தையும் பல்லில் படுகிற கல்போலத் தெரியும், ஒன்று குறைந்தால் உடனே "கட்". எல்லாம் சரியாக வந்தால் "ஓகே", அப்புறம்தான் கண்ணைத் திறப்பார், திறக்கும்போது விளக்குகள் அணைந்துகொண்டிருக்கும், நடிகர்கள் நாற்காலியைத் தேடிப் போய்க்கொண்டிருப்பார்கள். லைட்காரர்கள் வைத்த பெயர் அவருக்குத் தெரியும், கண்மூடி டைரக்டர். சிரிக்கட்டும். சிரித்தவன் எவனாவது ஒரு வரி எழுதிக் காட்டட்டும். ஆனால் இன்றைக்கு, சத்தம் இல்லாத இந்த ரீலில், அவர் மூடிய கண்ணால் எதைக் காப்பாற்றினாரோ அது ஒன்றுமட்டும் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது, மற்றது என்ன என்று அவர் பார்த்ததே இல்லை...

விளக்கு அணைந்தது. பின்னால் மெஷின் அறையில் ஆப்பரேட்டர் ஏதோ இருமிவிட்டு ஓட்ட ஆரம்பித்தார், வெளிச்சம் தலைக்கு மேலாகப் போயிற்று, அதில் தூசி பறந்தது. கிளாப் பலகை வந்தது, கட்டை கீழே விழுந்தது, டப் என்ற சத்தம் இல்லை, அதுவே என்னமோ போலிருந்தது. முதலில் சில்லறை ஷாட்டுகள், கதாநாயகன் வண்டியிலிருந்து இறங்குகிறான், வாசலைப் பார்க்கிறான், பெருமூச்சு விடுகிறான், தடியன், பெருமூச்சு விடச் சொன்னால் தோள்களைத் தூக்கித் தூக்கிப் போடுகிறான், மூட்டை சுமப்பவன் மாதிரி, இப்படியா செய்தான் அன்றைக்கு, என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை, பெர்னார்ட் பார்த்துக்கொண்டுதானே இருந்தான், வேண்டுமென்றே விட்டிருக்கிறான்... மல்லப்பனின் தலைப்பாகை அசையவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. மனுஷன் தூங்கிவிட்டாரா, தூங்கினாலும் நல்லதுதான், விழித்துக்கொண்டு என்ன கிழிக்கப் போகிறார். ஸ்டானிஸ்லாஸ் மடியிலிருந்த பிரதியைத் திறந்தார், இருட்டில் எழுத்து தெரியவில்லை, வேண்டியதும் இல்லை, மனப்பாடம். கதாநாயகன் வாய் அசையும்போது இவரும் உதட்டை அசைத்துக் குரலில்லாமல் பேசினார், திரைக்குச் சத்தம் கொடுப்பவர் தான் ஒருவர்தான் என்பதுபோல.

அடுத்தது அந்த சீன். மனைவியை விட்டுவிட்டு ஓடிப்போன கணவன் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான், அவள் மன்னிக்கிறாள், இவ்வளவுதான், ஆனால் அதற்கு அவர் எழுதிய பேச்சு... 'என் உயிரினும் மேலானவரே, மன்னிப்பு என்ற சொல்லுக்கு இந்த வீட்டில் இடமில்லை, ஏனென்றால் குற்றம் என்ற ஒன்று இங்கே நடக்கவே இல்லை' என்று தொடங்கும், பிறகு அவன் ஏற்றி வைத்துவிட்டுப் போன விளக்கைப் பற்றி, அவன் உட்கார்ந்த நாற்காலியைப் பற்றி, படிக்கிறவனுக்குத் தொண்டை அடைக்கும். அதைப் போய் இந்த சொர்ணலதாவிடம் கொடுத்தார்கள். நஞ்சன்கூடு நாடகக் கம்பெனியில் கன்னடத்தில் பாடி ஆடிக்கொண்டிருந்த பெண், மல்லப்பன் பிடித்து வந்தது, தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறாள், செய்தாலும் நன்றாகத்தான் செய்கிறாள், எல்லாம் வருகிறது, அந்த ஒன்று மட்டும் வரவில்லை. 'உயிரினும் மேலானவரே' என்பதை ஒவ்வொரு தடவையும் விட்டுவிடுவாள். கட். மறுபடி. கட். மறுபடி. நடுவில் அவள் வாயைத் திறந்து கேட்டாள், "சார், தப்பா நினைக்கபேடி, விட்டுப்போட்டு ஓடிப்போனவர்கிட்ட யாராச்சும் இப்படிப் பேசுவாங்களா? எனக்கு வாயில வரமாட்டேங்குது." என்ன துணிச்சல்! எழுதினவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? அவர் மூடிய கண்ணைத் திறக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்த இடத்திலிருந்து, "யாராவது தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிளி வாங்கிட்டு வாங்கப்பா, அதுவாவது சொன்னதைச் சொல்லும், சம்பளமும் கேட்காது" என்றார். செட்டே சிரித்தது. கதாநாயகன் சிரித்த சிரிப்பு தனியாகக் கேட்டது, லைட்காரர்கள் மேலே பரணில் சிரித்தார்கள், அவருக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி, அன்றைக்கு ஒருநாளாவது அவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்காமல் தன்னோடு சிரித்தார்களே. அப்புறம் அவள் "ரெடி சார்" என்றாள். அடுத்த டேக்கில் எல்லா வார்த்தையும் வந்தது, 'உயிரினும் மேலானவரே' உட்பட, வரிசையாக, தெளிவாக, ஒன்றுகூடக் குறையாமல். ஓகே என்றார். அந்த டேக்தான் இப்போது வரப்போகிறது.

வந்தது. கிளாப் பலகை விலகியதும் திரை முழுக்க அவள் முகம். முகம் மட்டும்! இரண்டு பேரும் தெரியும்படி அல்லவா வைக்கச் சொல்லியிருந்தேன், கணவனும் மனைவியும், நடுவில் விளக்கு, எழுதியே கொடுத்திருந்தேனே, லென்ஸை மாற்றியிருக்கிறான் திருட்டுப் பயல், நான் கண்ணை மூடியிருக்கிற நேரம் பார்த்து மாற்றியிருக்கிறான், இதைக் கேட்காமல் விடக்கூடாது, இப்போதே எழுந்து கேட்டால் என்ன... ஆனால் எழுந்திருக்கவில்லை. திரையில் அந்த முகம் பேசிக்கொண்டிருந்தது, உதடுகள் ஒரு பக்கம் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன, பணிவாக, அடக்கமாக, கண்கள் வேறு வேலையில் இருந்தன. அந்தக் கண்ணில் மன்னிப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. அழுகையும் இல்லை, அழுதிருந்தால் பரவாயில்லை. உன்னை எனக்குத் தெரியும், நீ யாரென்று முழுசாகத் தெரியும், சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன் என்கிற பார்வை. இமைக்கவே இல்லை அவள். ஸ்டானிஸ்லாஸ் முன்னால் குனிந்தார், என்ன இது, யாரைப் பார்க்கிறாள் இப்படி, கதாநாயகனையா, அந்தத் தடியன் என்ன செய்தான் அவளை... கதாநாயகன் நின்ற இடம் அவருக்குத் தெரியும், கேமராவுக்கு வலது புறம், சாக்பீஸால் அவரே தரையில் குறி போட்டுக் கொடுத்திருந்தார். அவள் பார்ப்பது இடது புறம். இடது புறத்தில் யாரும் இல்லையே, அங்கே ஒயர்தான் கிடந்தது, ஒயரின் முனையில் ஹெட்போன், ஹெட்போனுக்குள் மூடிய கண்ணோடு... அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவள் என்னைத்தான் பார்க்கிறாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டியபடி, ஆகா, வருகிறது, வார்த்தை வருகிறது என்று ரசித்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும், அத்தனை பேர் நடுவில், அவள் அவர் முகத்துக்கு நேராக இதைச் செய்திருக்கிறாள். லைட்காரர்கள் பார்த்திருப்பார்கள். கதாநாயகன் பார்த்திருப்பான். பெர்னார்ட் பார்த்தான், பார்த்துத்தான் லென்ஸை மாற்றியிருக்கிறான், கிளி என்று சொன்னதும் அவள் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறான், அப்படியே பிடித்துப் போட்டுவிட்டான். எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது, நான்கு காசு நாடகக்காரிக்கு இவ்வளவு திமிரா, இன்றைக்கே கணக்கு முடித்து நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்... ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. எங்கேயோ பார்த்த முகமாகவும் இருந்தது. மெட்ராஸிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்றைக்கு விக்டோரியா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், பெட்டியோடு உள்ளே நுழைந்தவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள், அவ்வளவுதான், வருஷக்கணக்காக விட்டுப்போனவனிடம் அந்த ஒரு சொல். அந்தச் சொல்லில் எவ்வளவு கனிவு என்று அவர் உருகிப்போனார், அந்த உருக்கத்தில்தான் இந்தப் பேச்சையே எழுதினார், விக்டோரியா பேசத் தெரியாமல் விட்டதையெல்லாம் தானே சேர்த்து எழுதினார். குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் அப்போது. அவள் எப்படிப் பார்த்தாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சட்டென்று ஒன்று உறைத்தது, உதடு அசையவில்லை. தன் உதடு. திரையில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள், விளக்கைப் பற்றியா, நாற்காலியைப் பற்றியா, எந்த வரியில் இருக்கிறாள், தெரியவில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பேச்சு, எங்கே நிறுத்தினேன், எப்போது நிறுத்தினேன்... பிரதியைத் தடவினார், இருட்டில் காகிதம் வெறும் காகிதமாகத்தான் இருந்தது. ரீல் முடிந்து திரை வெள்ளையாகி, ஆப்பரேட்டர் விளக்கைப் போட்டார். பெர்னார்ட் ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். மல்லப்பன் எழுந்தார், தலைப்பாகையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை, பின்னால் திரும்பி ஸ்டானிஸ்லாஸையே பார்த்தார், சரி, முடிந்தது, மரியாதையாக எழுந்து போய்விட வேண்டும், பெர்னார்டின் முகத்தைப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று அவர் பிரதியை மடித்தார்.

"வாத்தியாரய்யா," என்றார் மல்லப்பன், "எனக்குங்க, மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க. எங்க அக்கா ஒருத்திங்க, அவ புருசன் இப்படித்தான் போயிட்டுத் திரும்பி வந்தான். வாய்தானுங்க வாங்க வாங்கன்னுச்சு. கண்ணு இப்படித்தானுங்க இருந்துச்சு. அப்படியே எடுத்துப்போட்டீங்களே! என்ன சொல்லி வாங்குனீங்க அந்தம்மாகிட்ட?"

என்ன சொல்லி வாங்கினேன்... கிளி என்று சொல்லி. தொண்டை வரைக்கும் வந்தது. "ரிகர்சல்தான் சார், திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் முகத்தில் தானாக வரும்" என்றார், தன் குரல் எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியம். பெர்னார்ட் திரும்பினான். இப்போது சொல்லப் போகிறான், லென்ஸை மாற்றியது நான் என்று, இவர் பாட்டுக்கு இரண்டு பேர் வைக்கச் சொன்னார் என்று, அவளைக் கிளி என்றார் என்று, சொல்லடா, சொல்லித் தொலையேன்... "ஹௌது சார், ஆமா," என்றான் பெர்னார்ட், "ஸ்டானி அந்த விஷயத்துல விடவே மாட்டான்." அவ்வளவுதான். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான். இதைவிடப் போட்டுக் கொடுத்திருக்கலாம் அவன். போட்டுக் கொடுத்திருந்தால் ஆயுசு முழுவதும் அவனை நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருக்கலாம், இப்போது அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டான், வாயைத் திறந்து நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான், எப்பேர்ப்பட்ட படுபாவி!

மல்லப்பன் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். "மிச்சத்தையும் நீங்களே எடுத்துருங்க, அதுல இனிப் பேச்சே இல்லீங்க. ஒண்ணே ஒண்ணுதானுங்க. நாளைக்கு அந்தச் சத்தம் வந்தாலும் இந்த இடத்துல போட வேண்டாங்க. பேச்சே வேண்டாம். சும்மா ஒரு பிடிலு மட்டும் இழுத்து விட்டுட்டாப் போதுமுங்க. என்னங்கறீங்க? டைரக்டரு நீங்கதானுங்க, நீங்க சொன்னாச் சரி." டைரக்டர் நீங்கள்தான்... அப்பா, எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை, அது வருகிற நேரமா இது, அது வருகிற விதமா இது. முடியாது என்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுக்காகத்தான் ஐயா இந்தப் படமே, அதில் ஒரு எழுத்தைத் தொட்டாலும் நான் எழுந்து போய்விடுவேன் என்று சொல்ல வேண்டும், மெட்ராஸ் அறையில் படுத்துக்கொண்டு எத்தனை தடவை இந்தப் பதிலை ஒத்திகை பார்த்திருக்கிறார். சொன்னால் என்ன ஆகும், பெர்னார்ட் எடுப்பான், பிடிலும் போடுவான், பேச்சும் போகும், நாற்காலியும் போகும். சொல்லாவிட்டால் பேச்சு மட்டும் போகும். அதுவும் போக, அது பொய் என்று இப்போதுதானே பார்த்தேன்... இல்லை, பொய் இல்லை, அழகான பேச்சு, அழகான பேச்சுத்தான்... "ஆமாம் சார்" என்று கேட்டது ஒரு குரல், "காட்சியிலேயே தெரியுது, வசனம் எதுக்கு?" சொன்னது தான்தான் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பென்சில் கோடு போட்டவர்களின் அதே குரல், அதே சாவதானம்.

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் மல்லப்பன். "சாயங்காலம் கடைசி சீனு எடுக்கறமல்லங்க, அதுலயும் அந்தம்மாகிட்ட இதே பார்வையை வாங்கிப்போடுங்க. ஊரே எந்திரிச்சு நிக்கும். அப்புறமுங்க, இந்த லைட்டுக்காரப் பசங்க சிரிக்கறானுகன்னு நீங்க எதையும் மாத்திக்காதீங்க. அதே இடத்துல நாற்காலியைப் போட்டு, அதே மாதிரி கண்ணை மூடிட்டு உக்காருங்க. நம்ம படத்துக்கு அதுதானுங்க ராசி. நானும் சிரிச்சவன்தான், இப்பச் சொல்றேன், கண்ணை மட்டும் தொறந்துடாதீங்க." ராசி! முதல் ஷாட்டுக்குப் பூசணிக்காய் உடைத்த இடத்தைக் கடைசி வரைக்கும் மிதிக்காமல் சுற்றிப் போகிறவர் அவர், ராசி என்று ஒன்று வாயில் வந்துவிட்டால் அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. பெர்னார்ட் தரையைப் பார்த்துப் புகை விட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்குகிறானோ?

"நமஸ்காரா சார்."

பின்னாலிருந்து. கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள் சொர்ணலதா, மல்லப்பன்தான் வரச் சொல்லியிருக்க வேண்டும், எப்போது வந்தாள், விளக்கு அணைந்த பிறகா, முழுவதையும் பார்த்தாளா, தன் முகத்தையும் பார்த்தாளா, அது எங்கே பார்க்கிறது என்பதையும்... அரிதாரம் இல்லை, சாதாரண நூல் புடவை, கொண்டையில் கொஞ்சம் கனகாம்பரம். அவர் அவளை நேராகப் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை, இதுவரை அவள் ஹெட்போனில் வருகிற ஒரு குரல், அவ்வளவே. முகத்தில் தேடினார், கண்ணில், உதட்டோரத்தில், எங்காவது ஒரு பொறி இருக்கும் என்று தேடினார். ஒன்றுமில்லை. மரியாதையான, நல்ல பெண்ணின் முகம், கோயிலில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுகிற முகம். சிரித்தாள்.

"ஒரு வார்த்தைகூட விடல்லே சார்," என்றாள். "சவுண்டு வந்தா கேட்டுப் பாருங்க. எல்லாம் சொல்லிட்டேன்."

"தெரியும்மா," என்றார். வேறு என்ன சொல்வது, மன்னித்துக்கொள் என்றா, அது எவ்வளவு சுலபமான வசனம், அவரிடம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவளே கூட அதற்குப் பதில் வைத்திருப்பாள், உங்கள்மேல் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை சார் என்று கணீரென்று சொல்வாள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். "நல்லா வந்திருக்கு."

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே சார்." கும்பிட்டுவிட்டு, பெர்னார்டுக்கு ஒரு தலையசைப்புக் கொடுத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் போனாள். கார் வெளியே ஹாரன் அடித்தது, மல்லப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஸ்டானிஸ்லாஸ் அங்கேயே நின்றார். சாயங்காலம் என்ன சொல்லி அந்தப் பார்வையை வாங்குவது என்று யோசித்தார், இன்னொரு கிளியா, அதைவிடக் கடுமையாக ஏதாவதா, அவள் அம்மாவைப் பற்றியா... பிறகு புரிந்தது, ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும், அது அவள் முகத்தில்தான் இருக்கிறது, இவர் மூடினால் வரும், திறந்தால் போய்விடும், அவள் அதை அவரிடம் ஒருபோதும் காட்டப் போவதில்லை. அவர் நடக்க ஆரம்பித்தார். வெளியே கண் கூசியது, மூடிக்கொள்ளத் தோன்றியது, பயமாக இருந்தது.